குடை ரோஜாவுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது

ராயபுரம்
19 ஜூன் 2025

மெஹ்னாஸ் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ரூஹி. உன் விலாசத்தை, நீ கட்டிக்கொண்டுபோன டெரிக் அண்ணனின் தங்கை ஜானட்டிடம் வாங்கினேன். அவள் என் பள்ளியில்தான் படிக்கிறாள். கேட்பதற்கே எனக்கு வெகுநாள் ஆனது.

எல்லோரும் தூங்கியபிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குப் போட்டால் கூடத்தில் தெரியும். அதனால் ஃபிரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். ரொம்ப நேரம் திறந்திருந்தால் மோட்டார் ஓட ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்துக்கு அத்தா எழுந்துவிடுவார். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இதை எழுதவில்லை. மொட்டைமாடியில் நீ வைத்த குடை ரோஜாவைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு மரங்களில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்தது நீ போனபிறகு வந்த கோடையிலேயே காய்ந்துவிட்டது. அதற்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் ஊற்றவும் இல்லை. சுள்ளியான பிறகு அத்தா அதை உடைத்து ட்ரம்மோடு தெருவில் வைத்தார். மாநகராட்சி வண்டி எடுத்துப்போனது.

இப்போது மாடிப்படிப் பக்கத்து மரமும் போய்க்கொண்டிருக்கிறது. தண்டு நேராக என் தோள்வரை வந்து, உச்சியில் நீ ஒட்டுக்கட்டிய முடிச்சிலிருந்து கிளைகள் எல்லாப் பக்கமும் குடை விரித்ததுபோல் தரைவரை தொங்கும் இல்லையா? அந்தத் தொங்கும் கிளைகளில் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. தொட்டால் உதிர்கிறது. போன வருடம் கொத்துக்கொத்தாகப் பூத்த மரத்தில் இந்த வருடம் ஒரு மொட்டும் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து வரும் சாம்பல்தான் காரணம் என்று நினைத்து இலைகளை ஈரத்துணியால் துடைக்கிறேன். தினமும் சாயங்காலம் ஒரு மக் தண்ணீர் ஊற்றுகிறேன். வேறு என்ன செய்யவேண்டும்?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பீம்ராவ் மாமா, என் தோழி மகிழினிக்குத் தாய்மாமன். அந்தக் கடைக்கு மகிழினி பெயரில் அனுப்பு. உன் பெயரை உறையில் எழுதாதே.

உன்னோடு சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மரம் சாகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ரூஹி

*

பாகலூர், ஓசூர்
25 ஜூன்

ரூஹிக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை நாங்கள் வேலை செய்யும் ரோஜாப் பண்ணையின் குளிர்பதன அறை வாசலில் நின்றபடி படித்தேன். சமாதானம் ஆகவில்லை என்றாய். சரி. மரத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சாம்பலோ உப்புக் காற்றோ காரணம் என்றால் இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தமாதிரி பழுப்பாகும். நீ சொல்வது முழு இலையும் மஞ்சள். அடி இலையிலிருந்து ஆரம்பித்ததா, நுனியிலிருந்தா? மண்ணில் நடுவிரலை முழுதாக விட்டுப் பார். ஈரமாக இருக்கிறதா? எடுத்த விரலை முகர்ந்து பார். அசிங்கப்படாதே. இங்கே நாங்கள் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறோம். ட்ரம் அடியிலுள்ள ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பார்.

எப்படியிருந்தாலும் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாதே. ரோஜா தாகத்தில் அவ்வளவு சுலபமாகச் சாகாது. தொங்கும் கிளைகளின் நுனியை வெட்டாதே. வெட்டினால் அது குடையாக இருக்காது, துடைப்பமாகிவிடும். தண்டையும் குச்சியையும் சேர்த்துக் காக்கித் துணியால் கட்டியிருந்தேன். இத்தனை நாளில் தண்டு பருத்து அந்தக் கட்டு இறுகியிருக்கும். அவிழ்த்துவிட்டு, எட்டு வடிவத்தில் தளர்த்திக் கட்டு. அத்தாவின் தையல் கடை வெட்டுத்துணி வீட்டில் இல்லாமல் போகாது.

இங்கே ரோஜாக்களுக்குக் கண்ணாடித்தாள் கூரை போட்ட வீடு இருக்கிறது. எங்களுக்கு ஓடு போட்ட வீடு. நான் ஒட்டுக்கட்டும் பகுதியில் வேலை பார்க்கிறேன். டெரிக் குளிர்பதன இயந்திரம் பார்க்கிறான். காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் செய்தவன், இங்கே பூவுக்குச் செய்கிறான்.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? அதை எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன், கோடுபோட்டு அடிக்கவில்லை.

மெஹ்னாஸ்

*

ராயபுரம்
3 ஜூலை

அக்கா,

அடி இலையிலிருந்துதான் ஆரம்பித்தது. விரலை விட்டேன். மண் ஈரமாக இருந்தது. பேசின் பிரிட்ஜ் கால்வாய்போல் நாறியது. ஒரு வாரமாக நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. மழையும் இல்லை. ஆனாலும் மண் காயவில்லை. ஒரு ஓட்டை அடைத்திருந்தது. கம்பியால் குத்தித் திறந்தேன். கறுப்புத் தண்ணீர் வந்தது. கட்டைத் தளர்த்திவிட்டேன். துணி தண்டுக்குள் பதிந்து தழும்பு விழுந்திருந்தது.

ஒரு நல்ல செய்தி. தண்டின் அடிப்பக்கம் மண்ணிலிருந்து புதிதாக ஒரு கிளை வந்திருக்கிறது. விரல் பருமன். பச்சைப்பசேல் என்று நேராக மேலே போகிறது. அம்மா துணி காயப்போட வந்தபோது அதைப் பார்த்து, "தோ பாரு, புதுசா துளிரு வுட்டுக்கீது. நல்லா வளர்ந்துகினு வருது, கைய வெக்காத" என்றாள். மரத்தைப் பற்றி அம்மா பேசியது அதுதான் முதல்முறை.

பீம்ராவ் மாமா கடையிலிருந்து போனில் பேசலாமே என்று தனித்தாளில் எழுதியிருந்தாய். அத்தா என்னைத் தினமும் ஸ்கூட்டரில் அந்தக் கடை வாசலில்தான் இறக்கிவிடுகிறார். அங்கேதான் வந்து ஏற்றிக்கொள்கிறார். நான் யாரோடாவது போனில் பேசினால் தெருவில் பாதிப்பேர் அவரிடம் சொல்வார்கள். என் போனை நீ போன அன்றே வாங்கி வைத்துவிட்டார். டியூஷனும் நின்றது. பதினொன்றாம் வகுப்பில் எனக்கு உயிரியல் வேண்டுமென்று கேட்டேன். நீ தாவரவியல் படிக்கப் போய்த்தான் இப்படி ஆனது என்று சொல்லிக் காமர்ஸில் சேர்த்துவிட்டார். நீ அங்கே ஒட்டுக்கட்டுகிறாய். நான் இங்கே பற்று, வரவு எழுதுகிறேன். அடுத்தது பன்னிரண்டாம் வகுப்பு. நான் உனக்கு எழுதுவது தெரிந்தால் அதுவும் இருக்காது. இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்றுதான் சொல்கிறேன். பதில் வேண்டாம்.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது.

ரூஹி

*

பாகலூர்
9 ஜூலை

ரூஹி,

பதில் வேண்டாம் என்றதால் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதத்தின் அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்தப் பச்சைக் கிளையை இன்றே எடு. ஒட்டு முடிச்சுக்குக் கீழே வரும் எதுவும் நம் ரோஜா இல்லை. தண்டும் வேரும் காட்டு ரோஜா. மேலே உள்ள குடை மட்டுமே நான் ஒட்டியது. கீழே காட்டுக்கிளையை விட்டால் வேர் அதற்குத்தான் சாப்பாடு போடும், மேலே உள்ளது பட்டினி கிடக்கும். கத்தரித்தால் மறுபடி முளைக்கும். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலேயே பிடித்துப் பிய்த்துவிடு. அம்மா திட்டினால் காற்றில் ஒடிந்தது என்று சொல்.

நீ ஊற்றவில்லை, மழை இல்லை, மண் ஈரம். அப்படியென்றால் வேறு யாரோ ஊற்றுகிறார்கள். யாரென்று பார். தண்ணீர் தேங்கினால் வேருக்கு மூச்சு முட்டும். அதுதான் மஞ்சள்.

இனி எழுதப்போவது மரத்தைப் பற்றி இல்லை. எனக்கு ஏழாம் மாதம். அக்டோபர் முதல் வாரம் என்கிறார் டாக்டர். டெரிக்கின் அம்மா இருதயம்மாள் வருவதாகச் சொல்கிறார். நல்லவர், சத்தம்தான் அதிகம். ஆனால் தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எனக்கு இருக்கிறது. வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்கிறேன் என்று கேட்கவில்லை. அம்மா இங்கே வந்தால் போதும். அதை அம்மாவிடம் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை.

சொல்ல முடியாவிட்டாலும் எழுதுவதை நிறுத்தாதே.

மெஹ்னாஸ்

*

ராயபுரம்
21 ஜூலை

அக்கா,

சொல்லவில்லை. மூன்று தடவை அம்மா பக்கத்தில் போய் நின்றேன். மூன்று தடவையும் பசிக்கிறதா என்று கேட்டாள்.

காட்டுக்கிளையைப் பிய்த்துவிட்டேன். முள் கையைக் கிழித்தது. அம்மா பார்த்துவிட்டு, "உசுரோட இருந்தத ஏன்டி புடுங்குன" என்று இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தண்ணீர் ஊற்றுவது யார் என்று தெரிந்துவிட்டது. சனிக்கிழமை பள்ளி இல்லை. மதியம் மாடிக்குப் போனேன். அம்மா ட்ரம் பக்கத்தில் குனிந்து, ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"இன்னாம்மா அது?"

"ஒண்ணுமில்ல. ஓதுன தண்ணிடி. தர்கால ஹஜ்ரத்து ஓதிக் குடுத்தாரு. மீந்துபோனா சாக்கடையில ஊத்தக் கூடாது, காலு படும். மரத்துக்குத்தான் ஊத்தணும்."

"யாருக்கு ஓதுனது?"

"எனக்குத்தான். முட்டிவலிக்கு."

முட்டிக்கு ஓதிய தண்ணீர் என்றால் குடிப்பாள், தடவுவாள். அம்மா ஒரு மடக்கும் குடித்ததில்லை. குடிக்கவேண்டிய ஆள் வீட்டில் இல்லை, அதனால் முழுப் பாட்டிலும் மீந்துபோகிறது. வாரம் இரண்டு பாட்டில் வாங்கி வருகிறாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த வாரம் அம்மா தர்காவுக்குப் போகவில்லை. மண் அப்போதும் ஈரம். ஒருநாள் விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு முன்னால், மாடிக் குழாயில் அத்தா கைகால் கழுவி ஒளு செய்யும் சத்தம் கேட்டு, படியில் பாதிவரை ஏறிப் பார்த்தேன். ஒளு முடித்து, வாளியில் இருந்ததை எடுத்துக்கொண்டுபோய் மரத்தைச் சுற்றி மெதுவாக ஊற்றினார். பிறகு இன்னொரு வாளி பிடித்தார். அதையும் ஊற்றினார். ஊற்றிவிட்டு அங்கேயே நின்றார். நான் இறங்கிவந்து படுத்துக்கொண்டேன்.

காலையில் அத்தா, மதியம் அம்மா, சாயங்காலம் நான். முதல் மரம் தண்ணீர் இல்லாமல் செத்தது. இதைத் தண்ணீரிலேயே கொன்றுகொண்டிருக்கிறோம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பயமாகிவிட்டது. ஏனென்று தெரியவில்லை.

நிறுத்துங்கள் என்று இருவரிடமும் எப்படிச் சொல்வேன்? ஊற்றுவதாக இருவரும் ஒப்புக்கொள்ளவேண்டுமே.

ரூஹி

*

பாகலூர்
28 ஜூலை

ரூஹி,

உன் கடிதத்தைப் பாதி படித்ததும் பூக்கூடைகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். டெரிக் பயந்துபோய் ஓடிவந்தான். படித்துக்காட்டினேன். "இன்னா குடும்பம்டி உங்குளுது! உன் பேரச் சொன்னா பேஜாரு. தண்ணிய மட்டும் ட்ரம் ட்ரம்மா ஊத்துறாங்க" என்றான். பிறகு வெளியே போய் வெகுநேரம் வரவில்லை.

இப்போது மரம். தண்ணீரை நிறுத்தினால் மட்டும் இனிப் பிழைக்காது. அழுகிய வேர் தானாகத் திரும்பாது. ட்ரம்மைச் சாய்த்து மரத்தை மண்ணோடு வெளியே எடுக்கவேண்டும். கறுப்பாக, வழவழ என்று இருக்கும் வேர்களை எல்லாம் வெட்டிவிட்டு, வெள்ளையாக இருப்பதை மட்டும் விடு. ட்ரம் அடியில் ஓட்டுச்சில், அதற்குமேல் மணல் கலந்த புதுமண். வேர் குறைந்தால் அது இவ்வளவு பெரிய குடையைத் தாங்காது. அதனால் தொங்கும் கிளைகளைப் பாதிக்கு வெட்டவேண்டும். வெட்டாதே என்று முன்பு சொன்னது உடம்பு நன்றாக இருக்கும் மரத்துக்கு. பிறகு நிழலில் வைத்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

ஈர மண்ணோடு அந்த ட்ரம்மை நீ ஒருத்தி அசைக்க முடியாது. அம்மாவாலும் முடியாது. அத்தா வேண்டும். அவரிடம் கேட்டால், உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வி வரும்.

ஆகவே இதைச் செய்யச் சொல்லி உன்னைக் கேட்கமாட்டேன். நான் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கையில் வேலை இருந்தது, டெரிக் இருந்தான். உனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் ஒன்றுதான் இருக்கிறது. மரத்தை விட்டுவிடு. நான் இங்கே இன்னொன்று ஒட்டிக்கொள்வேன். அம்மாவிடம் சொல்லச் சொன்னதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இருதயம்மாள் மாமி போதும்.

மெஹ்னாஸ்

*

ராயபுரம்
7 ஆகஸ்ட்

அக்கா,

நாளை வெள்ளிக்கிழமை. பள்ளியில் நாளை அரைநாள். ஜும்மா முடிந்து அத்தா வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். அப்போது சொல்லப்போகிறேன். இதைப் பள்ளிக்குப் போகும்போது மகிழினியிடம் கொடுத்துவிடுவேன். இனி எழுத முடியாமல் போனால், நீ சொன்னதைக் கேட்காமல் நானாகத்தான் செய்தேன் என்று வைத்துக்கொள்.

மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. ஃபிரிட்ஜை மூடுகிறேன்.

ரூஹி

*

பாகலூர்
19 ஆகஸ்ட்

ரூஹி,

ஒரு வரி போதும். மகிழினியாவது எழுதட்டும்.

மெஹ்னாஸ்

*

ராயபுரம்
24 ஆகஸ்ட்

அக்கா,

உன் ஒருவரிக் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. இத்தனை நாள் நான் ஏன் எழுதவில்லை என்று கீழே தெரியும்.

எட்டாம் தேதியன்று அத்தா சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா மீன் வைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். "மாடியில மரத்துக்கு இனிமே யாரும் தண்ணி ஊத்தாதீங்க."

"நா எங்கடி ஊத்துனேன்?" என்றாள் அம்மா. நான் யார் பெயரையும் சொல்லியிருக்கவில்லை.

அத்தா அம்மாவைப் பார்த்தார். "நா காலையில ஊத்துறேன். நீ இன்னாத்துக்கு ஊத்துற?"

"நீங்க ஊத்துறது யாருக்குத் தெரியும்? அதப் பத்தி மூச்சு வுடக் கூடாதுன்னீங்களே."

"மரத்தப் பத்தியா சொன்னேன்?"

அம்மா இன்னொரு மீன் துண்டை எடுத்தாள். சண்டை ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது என்று தெரிந்ததால் நான் ஒரே மூச்சில் சொன்னேன். "வேரு அழுகிக்கீது. ட்ரம்ம சாய்ச்சு, கருத்த வேர வெட்டணும். கிளையப் பாதி வெட்டணும். புதுமண்ணு போடணும்."

"யாரு சொன்னது?" என்றார் அத்தா.

"மெஹ்னாஸ் அக்கா. லெட்டர் போட்டுக்கினு இருக்கேன்."

அம்மாவின் கையில் மீன் கரண்டி அப்படியே நின்றது. அத்தா பிசைந்த சோற்றை முழுதும் சாப்பிட்டார். கை கழுவினார். கடைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவர் என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அம்மா என்னிடம் வெங்காயம் உரிக்கச் சொன்னாள். நான் உரித்தேன். வாரம் முழுக்க இப்படித்தான் போனது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். காமர்ஸ் புத்தகங்களைக்கூட எடுத்துப் படித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அத்தா ஸ்கூட்டரில் ஒரு மூட்டை மணலும் ஒரு மூட்டை செம்மண்ணும் கொண்டுவந்தார். இரண்டையும் தோளில் வைத்து மாடிக்கு ஏற்றினார். மேலிருந்து கூப்பிட்டார். "ரூஹி, வா. எத வெட்டணும்னு சொல்லு."

ட்ரம்மைச் சாய்த்தோம். வந்த நாற்றத்தில் அத்தா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார். வேரில் பாதிக்கு மேல் கறுப்பு. கடையிலிருந்து கொண்டுவந்த துணிவெட்டும் கத்தரியால் அவர் வெட்டினார். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "இது?" என்று கேட்டார். நான் வெட்டுங்கள், வேண்டாம் என்று சொன்னேன். "அவ இன்னா எழுதிருந்தா" என்று ஒரு தடவை கேட்டார். கிளைகளைப் பாதியாக வெட்டும்போது மட்டும் நிறுத்தி, "மெய்யாலுமே இவ்ளோ வெட்டச் சொன்னாளா?" என்றார்.

மரத்தை மறுபடி ட்ரம்மில் இறக்கி நான் தண்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் மண்ணைப் போட்டார். அவர் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. அப்போது சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

"அத்தா, அக்கா முழுகாம கீது. அக்டோபர்ல. அம்மா பக்கத்துல இருக்கணும்னு கேக்குது."

அவர் இன்னும் இரண்டு கை மண் போட்டார்.

"மரத்த நேரா புடி" என்றார்.

அவ்வளவுதான். மண்ணை அமுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன். அம்மாவிடம் அவர்தான் சொன்னார். நான் இல்லை. "ஒம் பொண்ணு முழுகாம கீறாளாம். தெரியுமா?" என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முட்டி மடங்காது என்பவள் எப்படி உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. எழுப்புவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் அத்தா என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். சாயங்காலம் அங்கேயே வந்து ஏற்றிக்கொண்டார்.

அம்மா செப்டம்பர் இருபதாம் தேதி பஸ்ஸில் வருகிறாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எனக்குக் காலாண்டு விடுமுறை விட்டதும் நானும் வரலாமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் வரவில்லை. "எனக்குக் கடை கீது" என்றார். உன்னை மன்னித்துவிட்டதாக அவர் எங்கும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நானும் உன்னிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இப்போது கோபம் முன்புபோல் இல்லை. உயிரியல் போனதற்கு மட்டும் இருக்கிறது.

மரம் பார்க்கச் சகிக்கவில்லை. கிழிந்த குடைக் கம்பிபோல் நிற்கிறது. ஒரு இலை கிடையாது. பிழைக்குமா என்று தெரியவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன், தோலுக்குள் பச்சை இருந்தது. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அம்மா ஓதிய தண்ணீரை இப்போது எதிர்வீட்டு முருங்கைக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறாள். அந்த வீட்டுக்காரர் ஏனென்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நேற்று சாப்பிடும்போது அத்தா என்னைப் பார்க்காமல் ஒன்று கேட்டார். "அந்தப் பையன் காசிமேட்டுக்காரன். அந்தப் பக்கம் அவனுக்கு நல்ல மீனு கெடைக்குதா?"

தெரியாது என்றேன். இன்று காலையில் மறுபடி கேட்டார். கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ரூஹி